கப்பல்காரன் சட்டம்

வரிச்சிக்குடி
10.11.2025

அன்புள்ள தம்பி கலைவாணனுக்கு,

அண்ணி சௌந்தரவல்லி எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ, சுகிர்தா, கீர்த்திகா மூன்று பேரும் அப்படியே இருக்க வேண்டும்.

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசலாம்தான். ஆனால் நீ எப்போது பேசினாலும் காரோட்டிக்கொண்டு, போனைச் சத்தமாகப் போட்டுவிட்டுப் பேசுகிறாய். பக்கத்தில் சுகிர்தா இருக்கிறாள். நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் "அண்ணி, டிராபிக்குல இருக்கேன், அப்பறம் கூப்புடுறேன்" என்கிறாய். அதனால் எழுதுகிறேன். வீட்டு விலாசத்தை விட்டுவிட்டு ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புவதும் அதற்காகத்தான். தனியாக உட்கார்ந்து படி.

இங்கே மழை தீபாவளிக்கு முன்பே பிடித்துக்கொண்டது. கீழவயலில் சம்பா நட்ட பத்தாம் நாள் தண்ணீர் தேங்கிக் கால்வாசிப் பயிர் அழுகிப் போயிற்று. முத்தையன் வந்து வடிகாலை வெட்டிவிட்ட பிறகு மிச்சம் தேறி, இப்போது பச்சை கட்டி நிற்கிறது. ரஞ்சித்குமார் தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனான். சித்தப்பா பேசினாரா என்று கேட்டான். பேசினார் என்றேன்.

முந்தாநாள் சுகிர்தா அனுப்பிய வாட்ஸ்அப் வந்து சேர்ந்தது. கீர்த்திகா கல்யாணத்தில் யார் யார் எந்த வேளைக்கு என்ன உடுத்த வேண்டும் என்று படத்தோடு போட்டிருந்தாள். மருதாணிக்குப் பச்சையாம், பாட்டு அன்றைக்கு நீலமாம். எனக்கு ஒரு கலர் இருந்தது. அண்ணன் பெயருக்கு நேரே மட்டும் கலர் இல்லை. பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், நெற்றி நிறைய விபூதி என்று இருந்தது. அதற்குக் கீழே நீ பேசி அனுப்பியிருந்தாய். "அண்ணே, மாப்பிள்ளை வூட்டுல அசல் நம்மூரு கல்யாணமா இருக்கணும்னு ஆசப்படுறாங்க. நீங்கதான் முன்னால நிக்கணும். பட்டு வேட்டிதான் கட்டணும், மறந்துடாதீங்க. போட்டோவுல ரொம்ப நல்லா வரும்."

அதை அண்ணன் இரண்டு முறை போட்டுக் கேட்டார். பிறகு போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து சாப்பிட்டார், பேப்பர் படித்தார், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் ஏன் பேசவில்லை என்று உனக்குப் புரிய வேண்டுமானால் ஜூன் மாதத்திலிருந்து எழுத வேண்டும். நீயும் கூட இருந்து பார்த்ததுதான். ஆனால் நீ நின்ற இடம் வேறு, நாங்கள் நின்ற இடம் வேறு.

கீர்த்திகாவுக்குச் சம்பந்தம் பேச நிலவன் வீட்டார் மெல்போர்னிலிருந்து வருகிறார்கள், சிங்கப்பூரிலிருந்து நான்கு நாள் கப்பலில் போய் வருவோம், இரண்டு குடும்பமும் பழகிப் பார்த்து அங்கேயே பேசி முடித்துவிடலாம் என்று நீதான் கூப்பிட்டாய். "அப்பா எடத்துல நீங்க இருக்கணும்ணே" என்றாய். அண்ணன் எதையும் வெளியில் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு டீக்கடையில், உரக்கடையில், பஸ்ஸில் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். உங்கள் அப்பா காலமான பிறகு அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அந்த வாரம்தான்.

கப்பலில் இரண்டு ராத்திரி எல்லோரும் கோட்டும் சூட்டுமாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்களாம் என்று ரஞ்சித் எங்கேயோ படித்துவிட்டுச் சொன்னான். அண்ணனுக்கு உடனே கவலை வந்துவிட்டது. நான் என்னப்பா போட்டுக்கொள்வது என்று உன்னையே கேட்டார். நீ சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. நீங்க வேட்டியே கட்டிக்கிட்டு வாங்க. அதுதான் ஒங்களுக்கு அழகு."

அந்த வார்த்தையை நம்பித்தான் காரைக்காலுக்குப் போய்ப் பட்டுக்கரை போட்ட வேட்டி எடுத்தோம். முகைதீன் பிச்சை கடையில் முழுக்கைச் சட்டை தைத்தோம். எனக்கு அரக்கில் மஞ்சள் கரை போட்ட புடவை. தாம்பூலம் மாற்ற வீட்டு வெள்ளித் தட்டையும் மஞ்சள், குங்குமம், பாக்கையும் இங்கிருந்தே எடுத்துக்கொண்டேன். வெற்றிலையை மட்டும் கப்பல் ஏறுவதற்கு முன்னால் சிங்கப்பூரில் தேக்கா மார்க்கெட்டில் வாங்கினோம். நல்ல இளம் வெற்றிலை. கடைக்காரரிடம் அண்ணன் "சம்பந்தம் பேசப் போறோம், பாத்துக் குடுங்க" என்று கேட்டு வாங்கினார்.

இரண்டாம் நாள் சாயந்திரம் ஏழரை மணிக்கு அந்தச் சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்கு வந்து நின்றோம். பெண்கள் தரையைக் கூட்டுகிற நீளத்துக்குக் கவுன் போட்டு வந்தார்கள். ஆண்களெல்லாம் கறுப்புக் கோட்டு. ஒரு வெள்ளைக்காரர் கட்டம் போட்ட பாவாடையை முழங்கால் வரைக்கும் கட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். வாசலில் நின்ற பெண் எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பினாள். உள்ளே விடாதவள் எதற்குக் கைகூப்புவாள் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

நீ உள்ளேயிருந்து வேகமாக வந்தாய். கழுத்தில் அந்தச் சின்னக் கறுப்பு முடிச்சு. இரண்டு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாய். "அண்ணே, வேட்டிக்கு உள்ள விட மாட்டாங்களாம். கப்பல் ரூல்ஸாம். நான் எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன்" என்றாய். அண்ணன் உன் முகத்தைப் பார்த்தார். "அப்படியா, சரிப்பா" என்றார். அவ்வளவுதான். என்னிடம் "அண்ணி, பொடவைக்கு ஒண்ணுமில்ல, நீங்க வாங்க" என்றாய். என்ன நினைத்து அப்படிச் சொன்னாயோ! நாற்பது வருஷம் கூட இருந்தவரை வாசலில் விட்டுவிட்டு நான் மட்டும் போய் உட்கார்ந்து சாப்பிடுவேன் என்றா?

எங்களை லிஃப்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டாய். பதினாலாம் மாடியில் சாப்பாடு இருக்கிறது, அங்கே எதை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு போகலாம் என்றாய். லிஃப்ட் கதவு மூடுவதற்கு முன்பே நீ திரும்பிப் போய்விட்டாய்.

அங்கே நீச்சல் குளத்திலிருந்து வந்த ஈரத் தலையோடு அரை டிரவுசர்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் பட்டுக்கரை வேட்டியோடு அண்ணன். சோறும் தயிரும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தோம். தாம்பூலத் தட்டை மேசை ஓரத்தில் வைத்திருந்தேன். மேசை துடைக்க வந்த பெண் அதையும் எச்சில் தட்டு என்று நினைத்து எடுத்து அடுக்கிவிட்டாள். நான் எழுந்து ஓடிப் பிடுங்கினேன். அண்ணன் சிரித்தார். "வுடு வல்லி, அவளுக்கு என்ன தெரியும்" என்றார்.

மறுநாள் காலையில் மேல்தளத்தில் நிலவனின் அம்மா எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷி. தமிழ் கொஞ்சம் தடுமாறினாலும் மரியாதையாகப் பேசினார். "இப்ப உடம்பு எப்படி இருக்குங்க? கப்பல் ஒத்துக்காம ரூமுலயே படுத்துட்டீங்கன்னு கலைவாணன் சொன்னாங்க. ரொம்பக் கவலைப்பட்டோம்" என்றார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "கொஞ்சம் தலசுத்தல்தாங்க. இப்ப தேவலாம்" என்றார். பொய் சொல்லி நான் பார்த்தே இராத மனுஷன், உனக்காகச் சொன்னார்.

அந்த அம்மாவே சந்தோஷமாக அடுத்ததையும் சொல்லிவிட்டார். தை பதினாலு என்று நேற்று ராத்திரியே தேதி குறித்தாகிவிட்டதாம், உங்களுக்குச் சொல்லியிருப்பார்களே என்றார். அண்ணன் கைகூப்பி "ரொம்ப சந்தோசங்க" என்றார். அப்பா இடத்தில் இருக்கக் கூப்பிடப்பட்டவர், வீட்டுப் பெண்ணுக்குத் தேதி வைத்ததை மூன்றாம் மனுஷர் சொல்லித் தெரிந்துகொண்டார். நீ மத்தியானம் வந்து சொன்னாய். அப்போதுதான் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார். அதையாவது கவனித்தாயா?

கடைசி ராத்திரிக்கு சுகிர்தா உன்னுடைய பழைய கோட்டையும் பேண்ட்டையும் கொடுத்தனுப்பியிருந்தாள். உன் இடுப்புக்குத் தைத்ததை வயலில் காய்ந்த உடம்பு எப்படித் தாங்கும்? ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். மடித்துத் திருப்பி அனுப்பினோம். களைப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அறையிலேயே இருந்துகொண்டோம். வெற்றிலை அதற்குள் கறுத்துவிட்டது. அண்ணன் குளிக்கப் போன நேரம் பார்த்து அதைக் குப்பைக்கூடையில் போட்டேன். மங்கல காரியத்துக்கு வாங்கியதை என் கையாலேயே போட்டேன் தம்பி.

இவ்வளவுக்கும் எனக்குக் கோபமெல்லாம் கப்பல்காரன் மேல்தான். என்ன சட்டம் இது, பாவாடை கட்டியவனை விடுகிறான், வேட்டி கட்டியவரை விடமாட்டேன் என்கிறான் என்று ஊருக்கு வந்தும் திட்டிக்கொண்டிருந்தேன்.

தீபாவளி முடிந்து ரஞ்சித் கிளம்பும்போது நாங்கள் கப்பலுக்குக் கொண்டுபோன பெட்டியை எடுத்துக்கொண்டான். உள்பையில் ஒரு தாள் நாலாக மடித்து இருந்தது. மறுநாள் என்னென்ன உண்டு என்று கப்பலில் தினமும் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போவார்களே, அந்தத் தாள். ரஞ்சித் படித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "ஏம்மா, கோட்டு சூட்டு, இல்லன்னா அவங்கவங்க நாட்டுப் பாரம்பரிய உடைன்னுல்ல போட்டுருக்கு? வேட்டி தாராளமாக் கட்டலாமே!" என்றான்.

உடனே உனக்குப் போன் போடப் போனான். நான்தான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

உனக்காக நானே சமாதானம் தேடிப் பார்த்தேன். நீ அந்தத் தாளைப் படிக்காமல் இருந்திருக்கலாம், வாசலில் நின்றவர்கள் ஏதாவது தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்றெல்லாம். ஒன்றும் நிற்கவில்லை. சட்டம்தான் தடுத்தது என்றால் சம்பந்தி வீட்டாரிடமும் அதையே சொல்லியிருப்பாயே? அவர்களிடம் எதற்கு உடம்பு சரியில்லை என்றாய்? வேட்டி கட்டலாம் என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதால்தானே?

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். உன் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பித்தான் தைத்த கை இது. அதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

உனக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. ஆவணியில் அண்ணன் என்னிடம்கூடச் சொல்லாமல் முகைதீன் பிச்சை கடைக்குப் போய் இரண்டு பேண்ட்டும் ஒரு கோட்டும் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தார். காலேஜில் படித்த ஒரு வருஷத்தோடு பேண்ட்டை விட்டவர். அறுபத்தாறு வயதில் தினமும் சாயந்திரம் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் நடந்து பழகினார். "என்னண்ணே, புதுசா வேலைக்குச் சேந்துட்டீங்களா?" என்று முத்தையன் கேட்டார். பஸ் நிறுத்தத்தில் சிரித்தார்கள். வீட்டில் குந்தி உட்கார முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். எதற்கு இந்தக் கஷ்டம் என்றேன். "கல்யாணத்துல தம்பிக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுல்ல" என்றார்.

மூன்று மாதம் இப்படிப் பழகிய ஆளுக்குத்தான் முந்தாநாள் உன் குரல் வந்தது. பட்டு வேட்டிதான் கட்டணும், மறந்துடாதீங்க என்று.

13.11.2025

மேலே எழுதியதை முடிக்காமல் பீரோவில் வைத்திருந்தேன். இரண்டு நாளாக வெளியே தலைகாட்ட முடியாத மழை. நேற்று மத்தியானம் மறுபடி எழுத எடுத்தபோது அண்ணன் பார்த்துவிட்டார். யாருக்கு என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வராது. தம்பிக்கு என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. தாள் கிடைத்தது, ரஞ்சித் படித்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் அதிர்ச்சியடையவில்லை. "தெரியும் வல்லி" என்றார்.

கப்பலில் அன்றைக்கு மத்தியானமே அந்தத் தாளைப் படித்துவிட்டாராம். தினமும் லைப்ரரியில் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற மனுஷன், கட்டில்மேல் கிடந்ததைப் படிக்காமலா இருந்திருப்பார்? எனக்குத்தான் புத்தி போகவில்லை. வேட்டி கட்டலாம் என்று படித்துத் தெரிந்துகொண்டுதான் தைரியமாகக் கட்டிக்கொண்டு வந்தாராம். வாசலில் நீ சட்டம் என்று சொன்ன அந்த நிமிஷமே, சட்டம் கப்பலுடையதில்லை, உன்னுடையது என்று தெரிந்துவிட்டதாம்.

எனக்குத் தெரியக் கூடாது என்று தாளை மடித்துப் பெட்டியில் வைத்ததும் அவர்தான். "அங்கயே கெடந்தா நீ யார்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லுவ. ஊருக்கு வந்து கிழிச்சுப் போடலாம்னு இருந்தேன், மறந்துட்டேன்" என்றார்.

அங்கேயே ஏன் கேட்கவில்லை, அத்தனை பேருக்கு நடுவில் ஏன் வாயை மூடிக்கொண்டு லிஃப்டில் ஏறினீர்கள் என்று சத்தம் போட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீ அவன் மொகத்தப் பாக்கல. பத்தாவதுல கணக்குல பெயிலாயிட்டு வந்து வாசல்ல நின்னானே, அதே மொகம். அப்படி பயந்துபோயி நின்னான். அவன அந்த எடத்துல வச்சு, நீ பொய் சொல்றடான்னு சொல்லச் சொல்றியா?"

எதற்குப் பயந்தாய் தம்பி? கூடப் பிறந்தவர் கால் தெரிந்துவிடும் என்றா? உன் பெரிய வேலையும் வீடும் ஒரு எட்டு முழத் துணியில் கரைந்துவிடும் என்றா?

நீ பேசி அனுப்பியதைப் பற்றியும் கேட்டேன். "கப்பலுக்காகவா பேண்ட் தைச்சேன்? அவனுக்காகத் தைச்சேன். வேட்டி அவனுக்குக் கூச்சம்னா அது இல்லாமப் போவோம்னு நெனச்சேன். இப்ப போட்டோவுக்கு வேணுமாம். நிக்கறதுக்கு ஆளு வேணும்னா யாரயாச்சும் நிறுத்திக்கட்டும்" என்றார். பிறகு, "நீ போய்ட்டு வா. தையில எனக்கு அறுப்பு இருக்கு" என்றார்.

நம் வயலை மிஷின் வந்தால் ஒரு மத்தியானத்தில் அறுத்துவிட்டுப் போய்விடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இன்றைக்குக் காலையில் மழை விட்டதும் கோட்டையும் பேண்ட்டையும் எடுத்துக்கொண்டு காரைக்காலுக்குப் போனார். ரஞ்சித் அளவுக்குப் பிரித்துத் தைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

கோபப்படுகிறவராக இருந்தால் கெஞ்சலாம், அழுது சமாதானம் செய்யலாம். இவர் கோபமே படவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். உன் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் கல்யாணத்தோடு முடிந்துபோய்விடுவீர்களோ என்று தோன்றுகிறது.

அவர் வராவிட்டாலும் முகூர்த்தம் நிற்காது. தாரை வார்க்கப் பெற்றவர்கள் நீங்கள் இருக்கிறீர்கள். ஐயர் இருக்கிறார். போட்டோக்காரர்கள் இருப்பார்கள். யாராவது கேட்டால் சொல்வதற்கு உனக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லாதே. அதைக் கேட்டுக்கொண்டு நான் அந்த மண்டபத்தில் நிற்க மாட்டேன்.

ஒன்று செய். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை வா. பத்திரிகை வைக்கிற சாக்கில் வராதே, அது வேறாக வரட்டும். சுகிர்தாவையும் கூட்டிக்கொண்டு வராதே. அவள்மேல் வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இது அவள் பேச வேண்டிய பேச்சு இல்லை. மன்னிப்பு அது இது என்று பெரிய வார்த்தைகளும் வேண்டாம். அண்ணன் கூசிப்போய் எழுந்துவிடுவார். காலையில் அவர் வயலுக்குப் போகும்போது கூடவே போ. "அண்ணே, அன்னிக்கு நான்தான்" என்று மட்டும் சொல். அதற்கு மேல் உன்னைப் பேசவிட மாட்டார், அவரை எனக்குத் தெரியும். அதைக்கூடச் சொல்ல முடியாது என்றால், இந்தக் கடிதம் கிடைக்கவில்லை என்றே இருந்துகொள். நானும் எழுதவில்லை என்றே இருந்துகொள்கிறேன்.

கீர்த்திகாவைக் கேட்டதாகச் சொல். குழந்தைமேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவளும் நிலவனும் நூறு வருஷம் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் வாழட்டும். அதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே சொல்கிறோம். உனக்கு, நல்லா இரு என்று என் ஆசீர்வாதத்தை இதிலேயே எழுதிவிட்டேன். உன் அண்ணனுடையதை என்னால் எழுதி அனுப்ப முடியாது. அதை நீ நேரில் வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி
சௌந்தரவல்லி